அடிக்கணக்கும் அடியிலுள்ள எழுத்தும்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் மைசூருக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதல் நாள் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம். மலைப்பாதையில் பெரிய நந்திக்கு முன்னால் ஒரு போட்டோ. மறுநாள் வண்டி பிடித்து சிரவணபெளகொளா. நாற்பது வருஷமாக அடியேனும் இப்படித்தான் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளை மூச்சு வாங்க ஏறிப் பகவானின் முன் நின்றதும் அத்தனை பேரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை அடிங்க?"

ஐம்பத்தேழு என்று ஒரு புத்தகம், ஐம்பத்தெட்டு என்று இன்னொன்று. 1800-ஐ ஒட்டி மைசூர் நாட்டைச் சுற்றிவந்த புக்கானன் துரை எழுபது அடிக்கும் மேல் என்று எழுதி வைத்தார்! இருநூறு வருஷமாக இந்த அளவெடுப்பு நடக்கிறது. அண்ணாந்து பார்த்து அடிக்கணக்குக் கேட்கிறவர்கள், குனிந்து அந்தத் திருவடியைப் பார்ப்பதில்லை என்பதே என் குறை.

திருவடியின் இருமருங்கிலும் சிறு சிறு கல்வெட்டுகள் உள்ளன. கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, மராத்தியில் ஒரு வரி. மூன்றும் சொல்வது ஒரே செய்தி: சாமுண்டராஜன் செய்வித்தான். தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்துமாக வெட்டப்பட்டது. பின்னால் 12ஆம் நூற்றாண்டில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனின் தண்டநாயகன் கங்கராஜன் சுற்றாலயம் கட்டியதையும் அங்கேயே பொறித்திருக்கிறார்கள். பட்டங்கள், வெற்றிகள், செலவுக்கணக்கு எதுவும் திருவடியில் இல்லை. சாமுண்டராயரோ சாதாரண ஆளல்லர். கங்க அரசன் ராசமல்லனின் அமைச்சர், படைத்தலைவர், கன்னட உரைநடையில் புராணம் எழுதிய புலவர். 978-இல் முடிந்த அந்தப் புராணத்தில் இச்சிலையைப் பற்றிய பேச்சே இல்லை. ஆகவே சிலை அதற்குப் பிறகு எழுந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கொள்கிறார்கள். 981 என்பாரும் உண்டு, 983 என்பாரும் உண்டு.

இங்கே ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். பல வருஷங்களுக்கு முன் இதே மலரில், "தமிழ் எழுத்து இருக்கிறது, ஆகவே செதுக்கியவர்கள் தமிழ்ச் சிற்பிகளே" என்று எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் கை குலுக்கினார்கள். ஒருவர் கூட, "ஆதாரம் எங்கே சார்?" என்று கேட்கவில்லை. அந்த வாதப்படி போனால் மராத்தி வரி இருப்பதால் மராட்டியச் சிற்பிகள் என்றும் சொல்லலாமே! எழுத்து வந்து வணங்குகிறவர்களுக்காக. தமிழ்நாட்டுச் சமணர்கள் திரளாக வந்தார்கள், அவர்கள் படிக்கத் தமிழில் வெட்டினார்கள் என்று கொள்வதே பொருத்தம். 19ஆம் நூற்றாண்டில் கூடத் தமிழ்ச் சமணர்கள் பெளகொள மடத்துக்கு உலோகத் திருமேனிகள் செய்து கொடுத்துப் பேர் பொறித்திருக்கிறார்கள். பாத்திரக்கடைக்காரனாகிய எனக்கு இது நன்றாகப் புரியும். இன்றைக்கும் கடையில் தம்ளர் வாங்குகிறவர்கள், "பேர் வெட்டிக் கொடுங்க" என்று நின்று வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

"செய்வித்தான்" என்ற சொல்லைக் கவனியுங்கள். செய்தவன் வேறு, செய்வித்தவன் வேறு. உளி பிடித்தவன் பேர் திருவடியில் இல்லை. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் கழுகுமலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில் இருக்கிறது கழுகுமலை. ஊருக்குப் போகிறவர்கள் முருகன் கோயிலைப் பார்ப்பார்கள், ஒரே பாறையைக் குடைந்து பாதியில் நின்ற வெட்டுவான் கோயிலையும் பார்ப்பார்கள். அதே மலையில் இன்னொரு பக்கம், பாறை நெடுக வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய பாண்டியர் காலத்துச் சிற்பங்கள். பெரும்பாலும் முழக்கணக்கு, அடிக்கணக்கே வராது. கீழே வட்டெழுத்தில் நூற்றுக்கு நெருக்கமான கல்வெட்டுகள். 1925-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அவை அச்சாகியிருக்கின்றன. "இன்னார் செய்வித்த திருமேனி" என்பதே அங்கும் வாய்பாடு. ஆனால் செய்வித்தவர்கள் யார்? தச்சர், குயவர், கொல்லர். குரத்திகள் எனப்பட்ட பெண் துறவியர், அதிலும் மாணாக்கர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியைகள். குமரி மாவட்டத்துச் சிதறால் மலையாகிய திருச்சாரணத்துக் குரத்திகள் பேரும் கழுகுமலையில் இருக்கிறது. சிலர் தமக்காகச் செய்யவில்லை. இன்னொருவரைச் சார்த்தி, அதாவது அவர் பேரில், செய்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு பெரிய மலையில் ஒரே ஒரு அமைச்சர் பேர். ஒரு சின்ன மலையில் ஊர்ச் சனத்தின் பேர்களெல்லாம். எது பெரிய சிற்பம் என்று கேட்டால் நான் கழுகுமலை என்றே சொல்வேன். என் சாதிசனமே இதற்கு என்னைக் கோபித்துக்கொண்டது.

பெளகொளவைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த முகத்தில் இருக்கும் அமைதியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அங்கேயே இதற்குச் சாட்சியும் நிற்கிறது: குள்ளகாயஜ்ஜியின் சிலை. சாமுண்டராயர் குடம் குடமாகப் பால் ஊற்றியும் அது தொப்புளுக்குக் கீழே இறங்கவில்லையாம். ஒரு கிழவி சின்னக் காய் ஓட்டில் கொண்டுவந்த பால் திருவடி வரை வழிந்ததாம். கதைதான். ஆனால் அளவைப் பார்த்து மயங்காதே என்று முன்னோர் அங்கேயே கதை கட்டி, கல்லிலும் நிறுத்திவிட்டார்கள்.

கழுகுமலையிலும் ஒரு பாகுபலி உண்டு. பெளகொளச் சிலைக்கு ஏறத்தாழ இருநூறு வருஷம் மூத்தவர். காலில் கொடி சுற்றியிருக்கிறது, இருபுறமும் இரு பெண்கள். வித்தியாதர மகளிர் என்பார் உண்டு. சகோதரிகள் பிராமியும் சுந்தரியும் என்பாரும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. தகப்பனார் ஆதிநாதரிடம் எழுத்துக் கற்றவள் பிராமி, எண் கற்றவள் சுந்தரி. விந்தியகிரியில் அந்த இருவரும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1960களில் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் இந்த ஊரில்தான் கிடந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, சங்கத்தில் நமக்குள் பலத்த வாக்குவாதம். "நம்ம சொத்து, போகட்டும்" என்றார்கள் சிலர், "இங்கேயே இருக்கட்டும்" என்றார்கள் சிலர். எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம் என்று கேட்டேன். சபை அமைதியாகிவிட்டது. நானே அரை நூற்றாண்டில் மூன்று தடவைதான் அந்தப் பக்கம் போனவன். நம் பிள்ளைகளுக்கோ இன்றையத் தமிழ் எழுத்தே தடுமாற்றம். கன்னடத்தில் பேர்ப்பலகை படிப்பார்கள், தமிழ்க் கல்யாணப் பத்திரிகையை நம்மிடம் நீட்டி, "நீங்களே படிங்க தாத்தா" என்பார்கள்.

ஆகவே சங்கத்தின் வருடாந்தரச் சுற்றுலாவில் ஒரு தடவையாவது கழுகுமலையைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் கோவில்பட்டியில் இறங்கலாம். அன்று அங்கேயே தங்கிவிட்டு விடியற்காலையில் மலையேறுவது நல்லது. வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும்.