விளையாட்டுக் கலையில் சாயலும் நகலும்

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் விளையாட்டுகளுக்குப் படம் வரைவோர் பெரும்பாலும் முன்பே உள்ள ஓர் ஓவியப் பாணியிலிருந்துதான் தொடங்குகின்றனர். அவ்வாறு ஒரு பாணியைப் பின்பற்றுவது பதிப்புரிமையை மீறுவதாகுமா என்ற ஐயம் இத்துறைக்கு வரும் இளைஞர்களிடம் உண்டு. அச்சத்தால் நல்ல முயற்சியைக் கைவிடுவோர் ஒரு பக்கம். இணையத்தில் கிடைக்கும் படத்தைத் தயக்கமின்றி எடுத்து ஒட்டிவிடுவோர் மறுபக்கம். இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே: சாயலுக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாக இல்லை. அந்த வேறுபாட்டைச் சில விளையாட்டுகளின் வழியாக மதிப்பிடுகிறது இக்கட்டுரை.

சட்டம் எதைக் காக்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. ஓவியம், சிற்பம், வரைபடம், நிழற்படம் ஆகியவை இச்சட்டப்படி கலைப்படைப்புகள். அவற்றில் கலைநயம் இருக்கிறதா, இல்லையா என்று சட்டம் பார்ப்பதில்லை. படைத்தவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும்.

ஆனால் காக்கப்படுவது வரையப்பட்ட படம். வரையும் முறை அன்று. இந்த வேறுபாட்டை 1978இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. 'ஹம் இந்துஸ்தானி' என்ற தம் நாடகத்தைத் தழுவியே 'நியூ டெல்லி' என்ற இந்தித் திரைப்படம் எடுக்கப்பட்டது என்பது ஆனந்தின் வழக்கு. கருத்து, கருப்பொருள், கதைப்போக்கு, வரலாற்றுச் செய்தி, புராணச் செய்தி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று கூறிய நீதிமன்றம், இரண்டையும் கண்ட ஒருவருக்குப் பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் ஐயமின்றி எழுகிறதா என்பதை உரைகல்லாக வைத்தது. ஆனந்த் தோற்றார். ஓவியத்துக்கும் இதே உரைகல் பொருந்தும். வண்ணச் சேர்க்கையும் கோட்டின் போக்கும் எல்லோருக்கும் பொது. ஒருவர் வரைந்த குறிப்பிட்ட உருவம் அவருக்கு உரியது.

ராஜி: பாணியை மொழிபெயர்த்தல்

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' இதற்கு நம் நாட்டிலேயே உள்ள நல்ல எடுத்துக்காட்டு. அசுரர்களால் கடத்தப்பட்ட தம்பி கோலுவைத் தேடிச் செல்லும் ராஜி என்ற சிறுமியின் கதை இது. இமயமலை அடிவார அரசுகளில் 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை செழித்த பஹாரிச் சிற்றோவியங்களின் பாணியை இதன் கலைஞர்கள் எடுத்துக்கொண்டனர். ராஜஸ்தானக் கோட்டைகளின் சாயல் கட்டடங்களில் தெரிகிறது. கதையின் சில பகுதிகள் நிழற்பாவைக் காட்சிகளாக விரிகின்றன.

பஹாரி ஓவியம் தட்டையான தளத்தில் அமைவது. விளையாட்டோ ஆழமும் உயரமும் கொண்ட வெளியில் நடப்பது. ஆகவே அந்த ஓவியத்தை அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. வண்ணம், மரம், நீர், மாடம் என்று ஒவ்வொன்றையும் தேர்ந்து, மாற்றி அமைத்தாக வேண்டும். இதைப் பாணியின் மொழிபெயர்ப்பு எனலாம். ராஜியின் சண்டைக் காட்சிகளும் திடீரென நின்றுவிடும் முடிவும் குறை கூறப்பட்டாலும், அதன் ஓவிய அழகைப் பெரும்பாலோர் பாராட்டியதற்கு இந்த உழைப்பே காரணம். அந்தப் பழைய பாணிக்கு உரிமையாளர் எவரும் இல்லாததால் சட்டச் சிக்கலும் இல்லை.

எல்லை எங்கே?

கனடா நாட்டுக் குழு ஒன்று 2017இல் வெளியிட்ட 'கப்ஹெட்' சற்று அருகிலுள்ள காலத்துக்குச் சென்றது. 1930களில் அமெரிக்காவில் ஃபிளைஷர் சகோதரர்களின் கூடம் உருவாக்கிய கேலிச்சித்திரப் படங்களின் பாணியை அது பின்பற்றியது. அன்றைய முறைப்படியே தாளில் கையால் வரைந்து அசைவூட்டினர். எனினும் அந்தக் கூடத்தின் புகழ்பெற்ற பெட்டி பூப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பைத் தலை கொண்ட இரு சகோதரர்களைத் தாமே படைத்தனர். பாணி பழையது, பாத்திரம் புதியது. பின்பற்ற வேண்டிய வழி இதுவே.

வழி தவறியதற்கும் சான்று உண்டு. 'டெட்ரிஸ்' விளையாட்டின் விதிகளைப் பயன்படுத்தி 'மினோ' என்ற விளையாட்டை வேறொரு நிறுவனம் வெளியிட்டது. விதிகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்பது அதன் வாதம். அது உண்மைதான். ஆனால் கட்டைகளின் வடிவம், பலகையின் அளவு, காட்சியின் தோற்றம் ஆகியவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டது மீறல் என்று 2012இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது; ஆயினும் எல்லைக்கோட்டைக் காட்ட உதவும்.

வந்தியத்தேவனை வரைவதானால்

தமிழ் இளைஞர் ஒருவர் 'பொன்னியின் செல்வன்' கதையை விளையாட்டாக்க விரும்புகிறார் என்று கொள்வோம். கல்கி 1954இல் மறைந்தார். கதை இன்று பொதுவுடைமை. ஆனால் வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி என்றதும் வாசகர் மனத்தில் எழும் உருவங்கள் கல்கி இதழில் ஓவியர் மணியம் வரைந்தவை. மணியம் மறைந்தது 1968இல். எனவே அவருடைய ஓவியங்களுக்கான உரிமை 2028ஆம் ஆண்டு இறுதிவரை நீடிக்கும். அந்த உரிமை இன்று யாரிடம் உள்ளது என்பதைக் கேட்டறிந்து இசைவு பெறுவது வரைபவரின் கடமை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களின் காட்சிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் உரிமை தனி. நடிகர்களின் முகத்தைப் பயன்படுத்துவது வேறொரு சிக்கல்.

சுருங்கச் சொன்னால் கதை நம்முடையது. படம் இன்னும் நம்முடையதாகவில்லை. மணியத்தைப் போல் சோழர் சிற்பங்களையும் சுவரோவியங்களையும் நேரில் பார்த்து வரையலாம். மணியம் வரைந்த குந்தவையைப் படியெடுக்கக் கூடாது. அறிந்தே உரிமை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

வெளி ஓவியர் ஒருவரிடம் படம் வரைந்து வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உலகெங்கும் விற்கப்படும் விளையாட்டுக்கு இது போதாது.

பழவேற்காட்டுத் துணி சொல்லும் பாடம்

பாணி எல்லோருக்கும் பொது என்பதில் ஓர் இழப்பும் இருக்கிறது. இன்று சரக்குப் பெட்டகக் கப்பல்கள் வந்துபோகும் காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு உள்ளது. 1613இல் டச்சுக்காரர் அங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்கி ஏற்றுமதி செய்தனர். சாயவேரின் சிவப்பு ஏறிய, கையால் எழுதப்பட்ட பூந்துணிகள் ஐரோப்பாவை மயக்கின. உள்ளூர் நெசவு கெடும் என்று பிரான்சு 1686இல் தடை விதித்தது. இங்கிலாந்து 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே தடை விதித்தது. இதற்கிடையே நம் சாயமுறையை ஐரோப்பியர் கேட்டறிந்தனர்; பாதிரியார் கெர்தூ 1742இல் அதை விரிவாக எழுதி அனுப்பினார். பின்னர் அங்கேயே அதே பாணியில் துணிகள் பெருவாரியாக அச்சிடப்பட்டன.

1787இல் இங்கிலாந்து துணி வடிவங்களுக்கு 2 மாதப் பாதுகாப்பு தரும் சட்டம் இயற்றியது. அது காத்தது அந்நாட்டு அச்சகத்தாரின் புதிய வடிவங்களை. அப்பாணிக்கு மூலமான நம் கரைச் சாயக்காரர்களுக்கு அதில் இடமில்லை. இன்று ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியும் தஞ்சாவூர் ஓவியமும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. ஆனால் அது காப்பது பெயரை. தஞ்சாவூர் ஓவியத்தின் சாயலில் ஒரு விளையாட்டை உருவாக்குவதை அது தடுக்காது.

2025 மார்ச்சில் ஜப்பானின் கிப்லி கூடத்தின் பாணியில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்கள் உலகெங்கும் பரவியபோது இதே பழைய கேள்வி திரும்பி வந்தது. பாணி பொது என்பது அங்கும் பொருந்தும். ஆயினும் அந்தப் பொறியைப் பழக்குவதற்கு உரிமையுள்ள படங்களைப் படியெடுப்பது சரியா என்பது தனிக் கேள்வி. எழுத்துகளைப் பொறுத்தவரை இக்கேள்வி, ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓப்பன்ஏஐ மீது தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது.

மதிப்பீடு

பாணியைச் சட்டம் பூட்டி வைக்காதது நன்மையே. பூட்டி வைத்திருந்தால் ராஜியும் கப்ஹெட்டும் பிறந்திருக்கமாட்டா. ஆசிரியரைப் பார்த்து மாணவர் வரைவதும் குற்றமாகிவிடும். ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதால் கடன் இல்லை என்றாகிவிடாது. பாணியை எடுத்துக்கொள்ளும் விளையாட்டு, அது எந்த ஊருடையது, யாருடைய கைவேலை என்பதை ஆடுபவர் காணும் இடத்தில் சொல்ல வேண்டும். அக்கலையில் இன்றும் வாழும் கைவினைஞர் இருந்தால் அவரையே கூலி கொடுத்து அமர்த்துவது இன்னும் சிறப்பு. பழவேற்காட்டுத் துணியை எழுதிய கைகளின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை. அந்தக் குறை இனி வரும் விளையாட்டுகளிலும் தொடர வேண்டியதில்லை.