சாதவாகனரின் ஈயக் காசுகள்: நிறையும் குறையும்

தக்காணத்தை ஆண்ட சாதவாகனர், அன்றாடப் புழக்கத்துக்கான காசுகளைப் பெரும்பாலும் ஈயத்திலும், செம்போடு வெள்ளீயமும் ஈயமும் கலந்த போட்டின் என்ற கலவையிலும் வெளியிட்டனர். ஐதராபாத்தை அடுத்த சங்காரெட்டி மாவட்டத்துக் கொண்டாப்பூரில், 1940களின் தொடக்கத்தில் நிஜாம் அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் இவை ஏராளமாகக் கிடைத்தன. காசு வார்க்கும் சுடுமண் அச்சுகளும் கிடைத்ததால், அங்கே அக்கசாலை இயங்கியதாகக் கருதப்படுகிறது.

ஈயத்தின் முதல் நன்மை, அது எளிதில் உருகுவது. செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஈயத்துக்கு 327 டிகிரி போதும். சிறிய உலையே அக்கசாலைக்குப் போதுமானது. இரண்டாவது, மலிவு. கைப்பிடி உப்புக்கு வெள்ளிக்காசு மிகப் பெரிய பணம். சந்தைக்குச் சில்லறை வேண்டும். கிரேக்க நகரங்களில் அந்தத் தேவையை வெண்கலம் நிறைவேற்றியது. 

மூன்றாவது நன்மை வரலாற்றுக்குக் கிடைத்தது. சாதவாகனர் காசில் அரசன் பெயரைப் பொறித்தனர். கோதாவரிக் கரையிலுள்ள கோட்டிலிங்காலாவில் கிடைத்த, முதல் சாதவாகன அரசனாகக் கருதப்படும் சிமுகன் பெயர் தாங்கிய காசுகள், அம்மரபின் தொடக்கம் பற்றிய விவாதத்துக்கே புதிய சான்றாயின. சோழமண்டலக் கரையில் கிடைத்த காசுகளிலுள்ள இரட்டைப் பாய்மரக் கப்பல், அக்காலக் கடலோட்டத்தைக் கண்முன் நிறுத்துகிறது.

குறைகளும் அதே உலோகத்திலிருந்தே பிறந்தன. மென்மையான ஈயம் கைமாறக் கைமாறத் தேய்ந்தது. அச்சு விலகி விழுந்த காசுகளில் பாதிப் பெயரே எஞ்சியது. சாதகர்ணி என்ற பெயரைப் பலர் தாங்கியதால், அந்தப் பாதியை வைத்து அரசனை அடையாளம் காண்பது கடினம். எளிதில் வார்க்கக்கூடியது என்பதால் கள்ளக்காசுக்கும் வழி திறந்திருந்தது. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களின் இறக்குமதிப் பட்டியலில் ஈயமும் இருந்ததைப் பண்டைய கிரேக்கக் கடல்வணிகக் கையேடான பெரிப்ளூஸ் நூல் காட்டுகிறது. ஆகவே காசின் மூலப்பொருள் ஓரளவு கடல் வணிகத்தை நம்பியிருந்திருக்கலாம்.

பெருவணிகத்துக்கு ஈயம் ஈடுகொடுக்கவில்லை. 1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் கிடைத்த 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள், சாதவாகனரிடம் தோற்ற மேற்குச் சத்ரப மன்னன் நகபானன் வெளியிட்டவை. பெரும்பாலானவற்றின் மீது சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையை அடித்திருந்தான். வென்றவன் தோற்றவனின் வெள்ளியை உருக்காமல் புழக்கத்தில் விட்டது, அதன் தேவையை உணர்த்துகிறது. பின்வந்த மன்னர்கள், ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் திராவிட மொழியும் பொறித்த வெள்ளிக்காசுகளை வெளியிட்டனர்.

உள்ளூர்ச் சந்தைக்கு ஈயக்காசு சரியான விடை. தொலைவணிகத்துக்கு அது போதவில்லை. காப்பதற்கும் அது கடினமான பொருள். மரப்பேழையிலிருந்து கசியும் அமில ஆவி பட்டாலே ஈயம் வெண்பொடியாக அரிக்கப்படுகிறது. அந்தப் பொடியோடு உதிர்வது, வேறெங்கும் எழுதப்படாத ஓர் அரசனின் பெயராகவும் இருக்கலாம்.