காயசண்டிகையின் பசி

மணிமேகலையைப் பற்றி நம் மேடைகளிற் பேசுவோர் அமுதசுரபியைப் புகழ ஒரு நாழிகை செலவிடுவர். காயசண்டிகை வந்தவுடனே கூட்டத்தைச் சிரிக்க வைப்பர். எவ்வளவு உண்டும் அடங்காத ஒருத்தி அவர்கட்கு நகைப்புப் பொருளாயினள். பல்லாண்டுகட்கு முன் லுக்குட் வட்டாரத் தோட்டமொன்றில் யானும் அச்சிரிப்பைக் கேட்டேன். முன்வரிசையிலிருந்த மூதாட்டியர் இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

1898-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தளித்த அந்நூலைப் பிரித்துப் பார்மின். சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரி என்று யாண்டும் பழித்தாரில்லை. யானைத்தீ என நோய்க்கே பெயர் சொல்லுகின்றார். அந்நோய் வந்த வழி யாது? பொதியிற்பக்கத்து ஆற்றங்கரையில், பன்னீராண்டுக்கொருமுறை பழுக்கும் நாவற்கனி ஒன்றைத் தேக்கிலையில் வைத்துவிட்டு விருச்சிக முனிவன் நீராடச் சென்றான். அதனை இவள் செருக்கொடு மிதித்தாள். அடுத்த கனியை யான் உண்ணுங்காறும் நீயும் பசித்திரு என்று அவன் சபித்தான். சாபத்தால் நோய் வரும் என்பதை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும் பன்னீராண்டு வயிற்றை ஒடுக்கிய ஒருவனிடமிருந்தன்றோ அடங்காப் பசி பிறக்கின்றது! பட்டினியும் பெருந்தீனியும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதைப் புலவர் கண்டுவிட்டார்.

1945-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பார் முப்பத்தாறு இளைஞர்க்கு ஏறக்குறைய ஆறு திங்கள் அரைவயிற்றுணவே அளித்து ஆராய்ந்தார். முழு உணவு திரும்பிய பின்னும், வயிறு நிறைந்தும் உண்பதை நிறுத்தமாட்டாது சிலர் வருந்தினர். ஆராய்ச்சிக் கூடமின்றியே மலாயாத் தோட்டத்தார் இதனை அறிவர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அம்மூதாட்டியர் அன்று சிறுமியர். சோற்றுப் பானை நிறைந்திருக்கையிலும் முந்தானையிற் பிடி அரிசி முடிந்து வைக்கும் பாட்டியை நம்முள் எத்தனைபேர் கேலி செய்திருக்கிறோம்!

பசியின்றி உண்பது, பிறர் காணாது உண்பது, உண்டபின் நாணிக் குமைவது, மீண்டும் அடங்காது உண்பது: இச்சுழல் இன்று மருத்துவர் அறிந்த நோய். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதனைத் தனி நோயாகவே பட்டியலிற் சேர்த்தது. இதற்கு நோன்பு மருந்தன்று, பழியும் மருந்தன்று. வேளை தவறாத உணவும், நாணமின்றி மனம் திறந்து பேச ஓரிடமும், தேர்ந்த மருத்துவர் துணையும் வேண்டும்.

காயசண்டிகை செய்ததும் அதுவே. மணிமேகலையை மருத்துவியென விளித்துத் தன் நோயைத் தானே சொல்லுகின்றாள். மணிமேகலையோ அறிவுரை கூறவில்லை. பேணி ஒரு பிடி அமுதிடுகின்றாள். இதிலொரு நயம்: முதற்பிச்சை ஏற்கத் தக்க இல்லம் ஆதிரையினது என்று முன்னரே மணிமேகலைக்குக் காட்டியவள் இப்பசிநோயாளிதான். மனமுவந்து இடும் கை எதுவென்று வேறு யாருக்குத் தெரியும்?

ஒன்றில் மட்டும் யான் சாத்தனாரோடு உடன்படேன். நோய் தீர்ந்து தன் ஊர்க்குப் பறப்பவளை, விந்தமலை காக்கும் விந்தாகடிகை நிழலைப் பற்றி ஈர்த்துத் தன் வயிற்றுள் இட்டுக்கொண்டாளாம். பன்னீராண்டு பசித்தவளை இன்னொருத்திக்கு இரையாக்குவானேன்? அவளை வீடு சேரவிட்டிருக்கலாம்.