எரிந்து முடிந்தபின்தான் குணமா? - கிரகாம் கிரீனின் நாவல் ஒன்றும் ஆயரின் சோர்வும்

ஆயர் பணியில் நேரும் சோர்வைக் குறித்து இறையியல் மாணவரிடம் பேசும்பொழுது, உளவியல் நூல்களுக்கு முன்னர் நாம் அவர்கள் கையில் கொடுப்பது ஒரு நாவல். கிரகாம் கிரீன் எழுதி 1961இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'எ பர்ன்ட்-அவுட் கேஸ்' என்பதே அது. அந்நூல் நமக்குக் கற்பிப்பது மிகுதி. ஆயினும் அதன் மையத்தில் உள்ள உருவகம் நம்மைத் தவறான வழியிலும் நடத்தக்கூடும். இவ்விரண்டையும் இங்கே ஆராய்வோம்.

நாவல் காட்டும் அடையாளம்

கிரீன் 1959இல் பெல்ஜியக் காங்கோவிலிருந்த யோண்டா தொழுநோய் இல்லத்திற்குச் சென்று தங்கினார். நூலின் தலைப்பு நோயாளிகளைக் குறித்த ஒரு வழக்கிலிருந்து பிறந்தது. கை விரல்களையும் கால் விரல்களையும் தின்று தீர்த்தபின் நோய் அடங்கிவிடுகிறது. நோயாளி பிழைத்திருக்கிறார், ஆனால் இழக்கவேண்டியவற்றை எல்லாம் இழந்திருக்கிறார். இவரே 'எரிந்து முடிந்தவர்'.

கதைத்தலைவரான குவெரி, தேவாலயங்களைக் கட்டிப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அவருள் தொழிலின் மேலுள்ள விருப்பமும், அன்பும், பக்தியும் வற்றிவிட்டன. படகு எவ்விடத்திற்கு அப்பால் செல்லாதோ அவ்விடத்தில் இறங்குகிறார்; அது துறவியர் நடத்தும் ஒரு தொழுநோய் இல்லம். அங்குள்ள மருத்துவர் கோலின் கடவுள் நம்பிக்கை அற்றவர். அவரே குவெரியின் நிலையைத் தம் நோயாளிகளின் நிலையோடு ஒப்பிட்டு அறிகிறார்.

குவெரியின் அடையாளம் களைப்பு அன்று, உணர்வின்மை என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். களைத்தவர் உறங்கி எழுந்தால் தெளிவார். குவெரிக்கோ தம் துன்பமும் பிறர் துன்பமும் உறைப்பதில்லை. இந்நூல் வெளிவந்து 13 ஆண்டுகள் கழித்து, 1974இல், அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் பிறர்க்குதவும் பணியாளரிடையே இந்நிலையைக் கண்டு, 'எரிந்துபோதல்' என்னும் பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற நோய்ப் பட்டியல், இதனை நோய் என்று கூறாமல் பணியைச் சார்ந்த நிலை என வரையறுத்தது. ஆற்றல் வற்றுதல், பணியினின்று மனம் விலகிக் கசத்தல், செயல்திறன் குன்றுதல் என மூன்று அடையாளங்களையும் தந்தது. இவற்றுள் இரண்டாவதையே ஆயர்கள் கடைசியில் உணர்கின்றோம். ஏனெனில் திருப்பணி முறைகள் நம் வாயில் பழகிவிட்டன. மனம் விலகிய பின்னும் வாய் ஜெபித்துக்கொண்டிருக்கும்.

நம் அனுபவமும் இதுவே. முன்னொரு காலத்தில் நாம் பெரிய சேகரம் ஒன்றில் பணியாற்றினோம். ஒரு குழந்தையின் அடக்க ஆராதனையை நடத்துகையில், மறுநாள் கூட இருந்த குழுவின் நிகழ்ச்சி நிரலை மனத்துள் அடுக்கிக்கொண்டிருந்தோம். திரும்பும் வழியில் உபதேசியார் தயங்கிச் சொன்னார்: "ஐயா, முன்பெல்லாம் கல்லறையில் உங்கள் குரல் தழுதழுக்கும். இந்த வருஷம் ஒரு தடவைகூட அப்படி ஆகவில்லையே." நமக்குத் தெரியாததை அவர் ஓராண்டாகக் கண்டிருந்தார்.

உருவகத்தின் குறை

இனி நம் மறுப்பைக் கூறுவோம். தின்னவேண்டியதைத் தின்று முடித்தபின் நோய் அடங்கும் என்னும் உருவகம், அழிவை நோயின் இயல்பான போக்காக்கிவிடுகிறது. எல்லாம் எரிந்தபின் சாம்பலில் தானாக ஏதேனும் துளிர்க்கும் என்று காத்திருக்கச் சொல்கிறது.

மருத்துவம் கண்ட உண்மை வேறு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோய் நேரே விரல்களைத் தின்பதில்லை என்பதைக் கண்டார். நோய் நரம்பைத் தாக்குகிறது. வலி உணர்வு மறைகிறது. வலிக்காத கை சுடுகலத்தைப் பற்றுகிறது, ஆணியால் கிழிபடுகிறது, இரவில் எலி கடித்தாலும் விலகுவதில்லை. உணராத காயங்களும் அவற்றில் புகும் கிருமிகளுமே விரல்களை அழிக்கின்றன. ஆகவே நோயாளிகள் தம் கைகால்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிக்கக் கற்பிக்கப்பட்டனர். வலி சொல்லாததைக் கண் சொல்லவேண்டியதாயிற்று.

இதனை ஆயர் வாழ்விற்குப் பொருத்தினால் கிரீனின் உருவகம் தலைகீழாகிறது. சேதம் விதியன்று, தடுக்கக்கூடியது. ஆனால் உணர்விழந்தவர் தம் உணர்வை நம்பித் தம்மைச் சோதிக்க இயலாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் ஆயரின் சொல்லைச் சான்றாகக் கொள்ளலாகாது. பார்க்கும் கண் வேண்டும்; அது மனைவியின் கண்ணாகவோ, உடன் ஆயரின் கண்ணாகவோ, உபதேசியாரின் கண்ணாகவோ இருக்கலாம்.

இன்னொரு குறையும் உண்டு. இந்த உருவகத்திற்குத் தம் உடலைத் தந்தவர் குவெரியின் பணியாளரான தேயோ கிராசியாஸ் என்னும் ஆப்பிரிக்கர். ஐரோப்பியர் உள்ளத்தை விரித்துக் காட்டும் நாவலில் அவர் பேசுவது மிகச் சிறிதே. நோயுற்றோரை நம் அருளுரைகளுக்கு உவமையாக்கும் நாமும் இதே குற்றத்திற்கு ஆளாகிறோம்.

மீட்சி

ஆயினும் மீட்சியைக் குறித்துக் கிரீன் கூறுவது உண்மையானது. தேயோ கிராசியாஸ் காட்டில் வழிதவறி விழுந்தபொழுது, குவெரி அவரைத் தேடிச் சென்று, விரலற்ற அக்கையின்மேல் தம் கையை வைத்து விடியும்வரை உடனிருக்கிறார். பின்னர் இல்லத்தின் புதிய கட்டடங்களுக்கு வரைபடம் தயாரிக்கிறார். புகழுக்கு இடமில்லாத சிறுபணிகளில் அவர் உயிர் திரும்புகிறது.

அதனைக் கெடுப்பவர்கள் அவரைப் புனிதர் ஆக்குபவர்களே. தந்தை தாமஸ், எண்ணெய் ஆலை நடத்தும் ரிக்கர், செய்தியாளர் பார்க்கின்சன் ஆகியோர் அவர்மேல் ஒரு பட்டத்தைச் சுமத்துகின்றனர். முடிவில் ரிக்கரே ஐயத்தினால் அவரைச் சுட்டுக் கொல்கிறார். "ஓய்வறியா ஊழியர்" என்று பொன்னாடை போர்த்தும் சபைகள் இப்பகுதியை வாசிக்கவேண்டும்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிய எலியாவை விசுவாசக் குறைவுள்ளவர் என்று நாம் பிரசங்கங்களில் கண்டிக்கிறோம். திருமறையின் வரிசையோ வேறு. முதலில் உறக்கம், பின்னர் அப்பமும் தண்ணீரும், மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. ஓரேபை அடைந்த பின்னரே கேள்வி எழுகிறது. அதன் முடிவில் பணியில் துணையாக எலிசா கொடுக்கப்படுகிறார். அங்கே கண்டனத்திற்கு முன் உணவும், கட்டளையோடு கூடத் துணையும் உண்டு.

நமக்கும் அவ்வாறே ஆயிற்று. உபதேசியாரின் சொல்லை நாம் முதலில் வெறுத்தோம். பின்னர் நண்பரான ஆயர் ஒருவர் ஆறு வாரம் நம் ஆலயங்களைத் தாமே கவனித்துக்கொண்டார். முதல் இரு வாரங்கள் நாம் உறங்கினோம். ஜெபிக்க முடியவில்லை என்று அவரிடம் சொன்னபோது, "நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன், நீங்கள் சாப்பிடுங்கள்" என்றார். அடுத்த ஆண்டு ஓர் அடக்க ஆராதனையில் நம் குரல் தழுதழுத்தது. வலி திரும்பியதற்காக அன்று நன்றி செலுத்தினோம்.

எனவே மாணவர்கள் இந்நாவலை வாசிக்கட்டும். அதன் தலைப்பைமட்டும் ஏற்காதிருக்கட்டும். ஆயர் எரிந்து முடியும்வரை சபையும் பேராயமும் காத்திருக்கவேண்டியதில்லை. மாதம் ஒருமுறையேனும் ஆயர் இருவர் கூடி, ஒருவர் மற்றவரின் கைகளைப் பார்ப்பார்களாக.