தேசவழமையும் உடன்பிறந்தாள் பங்கும்

காப்பியங்களையும் கலம்பகங்களையும் திறனாயும் நாம் சட்ட ஏடுகளைத் திறனாய்வதில்லை. அவை வழக்கறிஞர்களின் உடைமை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் ஒரு கிராமத்து மக்கள் எதை நேசித்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், யாரை மனிதராக மதித்தார்கள், யாரை மதிக்கவில்லை என்பவற்றைக் காப்பியத்தைக் காட்டிலும் தெளிவாக உரைப்பவை இத்தகைய ஏடுகளே. தந்தை கண் மூடிய பின் பிள்ளைகள் கூடி அமர்ந்து சொத்தைப் பிரிக்கும் அந்த ஒரு நாளில் ஒரு குடும்பத்தின் உண்மை முகம் வெளிப்பட்டுவிடுகிறது. அந்த நாளுக்கென ஊர் வகுத்துக்கொண்ட முறையைப் படிப்பது அவ்வூரையே படிப்பதாகும்.

அவ்வகையில் தமிழர் வாழ்வு பற்றிய ஏடுகளுள் தனித்து நிற்பது ‘தேசவழமை’. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடிகளின் வாரிசுரிமை, சீதனம், சுவீகாரம், ஈடு, விற்பனை ஆகியவை பற்றிய வழக்குகளை 1707ஆம் ஆண்டில் எழுத்தில் வடித்தது இந்நூல். டச்சுக் கம்பெனியார் அப்பகுதியை ஆண்ட காலம் அது. வழக்குகளுக்கு எம்முறையில் தீர்ப்பளிப்பது என்று தெரியாமல் இடர்ப்பட்ட ஆட்சியினர், ஆளுநர் சீமோன்ஸின் ஆணைப்படி, அங்கு நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியிடம் தொகுப்புப் பணியை ஒப்படைத்தனர். அவர் டச்சு மொழியில் எழுதினார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் படித்து, இதுவே எங்கள் வழக்கம் என்று ஒப்புக்கொண்டனர். பின்னர் வந்த ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் மூலம் இதற்குச் சட்ட வலு அளித்தனர். 1862இல் முத்துக்கிருஷ்ணா என்பவர் நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்து ஒரு பதிப்பை வெளியிட்டார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் இதன் வாரிசுரிமைப் பகுதியை மாற்றியமைத்தது.

நூலின் பிறப்பிலேயே ஒரு முரண் இருப்பதை வாசகர் கவனித்திருக்கலாம். வாழ்ந்தவர்கள் தமிழர்; எழுதியவர் டச்சுக்காரர்; ஒப்பமிட்டவர்கள் ஊர்ப் பெரியோர். மூன்று கைகள் மாறி வந்த குரல் இது. எந்தக் கை எதை விட்டுவிட்டது என்று கேட்பதுதான் திறனாய்வாளனின் முதற் கடமை.

நூல் சொத்தை மூவகையாகப் பகுக்கிறது. கணவன் வழியில் வந்த பரம்பரைச் சொத்து ‘முதுசொம்’. மனைவி கொண்டுவந்தது ‘சீதனம்’. இல்லறத்தில் இருவரும் கூடி ஈட்டியது ‘தேடிய தேட்டம்’. இச்சொற்களின் அழகைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். தேட்டம் என்ற சொல்லுக்குள் தேடலும் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. சொத்து எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பழைய வழக்கின்படி முதுசொம் ஆண் மக்களுக்கும், தாயின் சீதனம் பெண் மக்களுக்கும் சென்றன. தேடிய தேட்டம் இருபாலார்க்கும் பொதுவாயிற்று. வந்த வழியே திரும்பச் செல்லும் நீரோட்டம் போன்ற முறை இது.

காலப்போக்கில், சிறப்பாகப் போர்த்துக்கீசியர் காலத்தில், இவ்வொழுங்கு கலைந்தது என்று நூலே ஒப்புக்கொள்கிறது. மூவகைச் சொத்திலிருந்தும் கலந்து சீதனம் கொடுக்கும் பழக்கம் ஏற்பட்டது. சீதனம் பெற்று மணமாகிச் சென்ற மகளுக்கு, வேறு வாரிசுகள் இருக்கும்வரை, பெற்றோர் சொத்தில் மேற்கொண்டு உரிமை இல்லை என்றாயிற்று. எஞ்சியது ஆண் மக்களுக்கு. அவர்களும் பெற்றோர் உயிரோடிருக்கும்வரை எதையும் கேட்டல் ஆகாது. மணமாகாத நாளில் அவர்கள் ஈட்டியதும், அணிந்த பொன் வெள்ளி நகைகள் நீங்கலாக, பொதுச் சொத்தில் சேர வேண்டும். தந்தை முந்தி இறந்தால், சிறுவரை வளர்க்கும் தாயின் கையில் முழுச் சொத்தும் நிற்கும்.

மரபைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இது தொன்றுதொட்டு மாறாதது என்றே பேசும். தேசவழமையோ முன்பு இப்படி இருந்தது, பின்பு இப்படி மாறியது என்று சொல்கிறது. வழக்கம் மனிதரால் ஆனது, மனிதரால் மாறுவது என்ற உண்மையை அது மறைக்கவில்லை. இது அந்நூலின் முதற் சிறப்பு.

மற்றொரு சிறப்பு, அது தீர்வை ஊரறியச் செய்வது. பிள்ளையில்லாதவர் சுவீகாரம் எடுக்கும்போது மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கு ஒன்று உண்டு. வாரிசாக வரக்கூடிய உறவினர் அந்நீரில் விரல் தோய்த்துத் தம் இசைவைக் காட்ட வேண்டும். தோய்க்காதவரின் உரிமை அழிவதில்லை. எழுத்தறியாத மக்களுக்கு விரலே கையொப்பம்! நிலத்தை விற்பதாயினும் வாரிசுகளுக்கும் பங்காளிகளுக்கும், அந்நிலத்தை ஈடாகக் கொண்டிருக்கும் அயலாருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்கள் அறியும்பொருட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அறிவிக்கும் வழக்கமும் இருந்தது. இருட்டில் எழுதப்படும் பத்திரங்களே பெரும்பாலான குடும்பப் பகைகளுக்கு வித்து. அதை உணர்ந்தவர்களின் ஏற்பாடு இது.

இனி நூலின் குறையைப் பேசுவோம். ஒப்பமிட்ட பன்னிருவரும் ஆடவர், அதிலும் நிலமும் அதிகாரமும் உடையவர். அவர்களிடம் கேட்டதுபோல் ஒரு விதவையிடமோ மணமாகிச் சென்ற மகளிடமோ எவரும் கேட்கவில்லை. ஆகவே மகள் இந்நூலில் கொடுக்கப்படுபவளாக வருகிறாளே அன்றிக் கேட்பவளாக வருவதில்லை. சீதனம் குறைந்தபோது அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு வரி இல்லை. இதனினும் கொடியது மற்றொன்று. அடிமைகளைப் பற்றி விரிவாகப் பேசும் இந்நூல், அவர்களையும் வயலையும் வீட்டையும் போலப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் பொருளாகவே எண்ணுகிறது. உடன்பிறந்தாருக்குள் நீதி தேடும் ஏடு, மனிதரைப் பங்கு வைக்கும்போது தயங்கவே இல்லை. இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டத்தால் முற்றாக ஒழிந்தது. இவ்வளவு அமைதியான நடையில் இவ்வளவு பெரிய அநீதி சொல்லப்பட்டிருப்பதைப் படிக்கையில் நெஞ்சு நடுங்குகிறது. வழக்கம் என்ற சொல் கண்ணை எவ்வளவு மறைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் இஸ்லாமிய வரலாற்றில் வரும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. உஹதுப் போரில் ஷஹீதான ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண் மக்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். கணவரின் உடன்பிறந்தவர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்பது அவர் முறையீடு. அன்றைய அரபு வழக்கப்படி அது குற்றமன்று. வழக்கமே அவர் பக்கம் இருந்தது. பின்னர் அருளப்பட்ட இறைவசனத்தின்படி தீர்ப்பு அமைந்தது. இரு பெண்களுக்கும் மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியது சகோதரருக்கு. சொத்தை இருபத்துநான்கு கூறாக்கினால் பெண்களுக்குப் பதினாறு, தாய்க்கு மூன்று, சகோதரருக்கு ஐந்து. இங்கே கேட்டவள் ஒரு பெண். அவள் கேட்டதால் சட்டம் பிறந்தது. தேசவழமையில் நாம் காணாத குரல் இதுவே.

இதைச் சொல்லிவிட்டுப் பெருமிதத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அது நேர்மையாகாது. தேசவழமைக்கும் நியாயம் செய்தாக வேண்டும். அந்த ஊரில் மகளுக்குரியது பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அவள் கைக்கு வந்தது. நிலமாகவும் வந்தது, அவள் பெயரிலும் நின்றது. தாயின் சொத்து மகளுக்கு என்ற பழைய நெறி, பெண்ணுக்கென்று ஒரு சொத்து வழியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது. இன்றும் காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் கிழக்குக் கரை ஆகிய இடங்களில் முஸ்லிம் குடும்பங்கள் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தைக் காண்கிறோம். இது அந்த நெறிக்கு அண்டை வீட்டு உறவு போலும்.

மறுபுறம் நம் நிலை யாது? இலங்கை முஸ்லிம்களுக்கென டச்சுக்காரர் பத்தாவியாவிலிருந்து ஒரு சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் 1806இல் மற்றொன்றை இயற்றினர். அதில் மஹருடன் கைக்கூலியும் சீதனமும் இடம்பெற்றன. ஷரீஅத் சொல்லாத கைக்கூலி, சட்ட ஏட்டிலேயே ஏறி அமர்ந்துகொண்டது! இந்தியாவில் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வந்தபோது விளைநிலம் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. கிராமத்துக் குடும்பத்திற்கு விளைநிலந்தானே சொத்து? சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே அக்குறை நீங்கியது.

சட்டம் திருந்தியது, வீடு திருந்தியதா? பட்டாபிராமிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வயல்களெல்லாம் மனைகளாகி, மனைகள் பொன் விலைக்குப் போகும் காலம் இது. இப்பகுதியில் வாழும் நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்ட காட்சி இது. ஜனாஸா எடுத்த சில நாட்களுக்குள் மூத்தவர் ஒரு விடுதலைப் பத்திரத்தைத் தங்கையின் முன் வைக்கிறார். “உனக்குத்தான் அத்தா நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாரேம்மா” என்கிறார். அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கிறாள். நாளை நோன்புப் பெருநாளுக்குத் தாய்வீடு என்று வர இந்த வாசல் வேண்டுமே என்று எண்ணுகிறாள். கையொப்பம் விழுகிறது. அந்த அண்ணன் தொழுகையாளி. திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயம் பதினோராம் வசனத்தைப் பிழையின்றி ஓதக்கூடியவர். ஆனால் அவர் அன்று அளித்த தீர்ப்பு, சீதனம் பெற்றவளுக்கு மேலே பங்கில்லை என்ற 1707ஆம் ஆண்டுத் தேசவழமைத் தீர்ப்பே. அதுவும் முழுமையாக அன்று. அங்கே மகளுக்கு நிலம் கிடைத்தது. இங்கே நகை மாப்பிள்ளை வீட்டுக் கடனுக்குப் போய்விட்டது.

கணக்கு என்னவோ எளியதுதான். மனைவியும் இரு ஆண் மக்களும் ஒரு மகளும் உள்ள ஒருவர் இறந்தால், கடனும் மரண சாசனமும் தீர்த்த பின், எஞ்சியதை நாற்பது கூறாக்குவோம். மனைவிக்கு ஐந்து, மகன் ஒவ்வொருவருக்கும் பதினான்கு, மகளுக்கு ஏழு. அந்த ஏழு அண்ணன் கொடுக்கும் அன்பளிப்பு அன்று. தந்தை இறந்த கணமே அவளுடையதாகிவிட்ட பொருள். தந்தை உயிரோடிருக்கையில் அதை அவள் துறந்தாள் என்பதும் ஷரீஅத்தில் செல்லாது. இல்லாத உரிமையைத் துறப்பது எங்ஙனம்? பிரதிபலன் பெற்றுக்கொண்டு தந்தையை நம்பச் செய்தவர் பின்னர் வழக்காடுவதை மட்டும் அவர் நடத்தையே தடுக்கலாம் என்று 1973இல் குலாம் அப்பாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. இறந்த பின் தன் பங்கின் அளவை அறிந்து மனமுவந்து விட்டுக்கொடுப்பவளை எவரும் தடுப்பதில்லை. அறிந்து, மனமுவந்து என்னும் அவ்விரு நிபந்தனைகளும் நம் வீடுகளில் நிறைவேறுகின்றனவா என்பதே கேள்வி.

தேசவழமை நமக்கு உதவுவது இந்த இடத்தில்தான். அந்த ஊரார், தாம் செய்வது வழக்கம் என்று வெளிப்படையாக எழுதி ஒப்பமிட்டனர். நாமோ இறைச்சட்டத்தை நாவில் வைத்துக்கொண்டு ஊர் வழக்கத்தைக் கையால் செய்கிறோம். அவர்களிடமிருந்து ஒரு பழக்கத்தையேனும் கடன் வாங்கலாம். விரல் தோய்ப்பதற்கு முன் அனைவரையும் அழைத்து அமர்த்துவது அது. பத்திரத்தை நீட்டுவதற்கு முன் ஓர் ஆலிமை அழைத்து, தாயும் தங்கையும் கேட்க, கூறுகளை உரக்கச் சொல்லச் செய்வோம். பிறகு கொடுப்பதும் விடுவதும் அவள் விருப்பம்.

பாகம் பிரிக்கும் இடத்துக்கு உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்துவிட்டால் அவர்களுக்கும் ஏதேனும் கொடுத்து இன்சொல் பேசுமாறு அதே அத்தியாயம் பணிக்கிறது. பங்கில்லாதவருக்கே இன்சொல் கடமையானால், பங்குடையவளுக்கு நாம் கடன்பட்டிருப்பது எவ்வளவு! முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஏட்டைப் படித்து முடிக்கையில் நம் வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் விடுதலைப் பத்திரம் ஒருமுறை கண்முன் வருமானால், அந்த வாசிப்பு வீண்போகவில்லை.