பையும் பழக்கமும்

இயற்கையைப் பேணும் உணர்வு நாகரிகமாக மாறும்போது மக்களின் பழக்கமும் மாறுமா? இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

2007 இல் அன்யா ஹைண்ட்மார்ச் என்னும் வடிவமைப்பாளர், 'நான் பிளாஸ்டிக் பை அல்லேன்' என்று பொறித்த பருத்திப் பையை 5 பவுணுக்கு வெளியிட்டார். மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். சிலர் அதனைப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். விரயத்தைக் கண்டிக்க வந்த பை, தானே ஒரு மோகப் பண்டமாயிற்று.

அவ்வாசகம் பலரைச் சிந்திக்க வைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், டென்மார்க்கின் சுற்றாடல் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட ஆய்வு கூறுவது யாது? எல்லா வகைச் சூழற்கேடுகளையும் கருதினால், சாதாரண பருத்திப் பையொன்றை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். அலுமாரியில் பத்துப் பைகளை அடுக்கி வைப்பவர் இயற்கைக்குச் செய்யும் நன்மை என்ன?

பழக்கத்தை மாற்றியது வேறொன்று. 2015 ஒக்டோபரில் இங்கிலாந்தின் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் சட்டமாயிற்று. சில ஆண்டுகளுள் முக்கிய அங்காடிகளில் அவற்றின் விற்பனை 95 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. சட்டத்துக்கு உட்படாத தடித்த பைகளின் விற்பனையோ பெருகியது.

பழக்கம் சமுதாய ஏற்பாட்டின் விளைவு. ஏற்பாடு மாறிய அளவுக்கே பழக்கமும் மாறும். வாசகம் தாங்கிய பை அதற்கு ஈடாகாது.