ஏ.டி.பி. வெறும் நாணயம்தானா?

உயிரியல் படித்த எவரிடமும் ஏ.டி.பி. என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். 'செல்லின் ஆற்றல் நாணயம்' என்று விடை உடனே வரும். தமிழ்வழிப் பாடநூல்களிலும் தேர்வு வழிகாட்டிகளிலும் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்ட தொடர் அது. தவறான தொடர் அன்று. பாடம் அத்துடன் நின்றுவிடுவதே குறை. அக்குறை தேர்வுத்தாளோடு போவதுமில்லை; மருந்துச் சீட்டு வரை நம்மைத் தொடர்கிறது.

அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்னும் இப்பொருள் பியூரின் குடும்பத்தைச் சேர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் சைரஸ் ஃபிஸ்கேயும் ஹார்வர்டில் 1929-இல் இதைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அவ்வாண்டே இதைக் கண்டார். பாடநூல் சொல்லாத ஒன்று உண்டு. அதே 1929-இல்தான் ட்ரூரி, செண்ட்-ஜியார்ஜி என்னும் இருவர், ஏ.டி.பி.யின் உறவுப் பொருளான அடினோசின் இதயத் துடிப்பைத் தணிப்பதைக் காட்டினர். ஆற்றல் தரும் பொருளுக்குச் சேதி சொல்லும் வேலையும் உண்டு என்பதற்கு அன்றே தடயம் கிடைத்துவிட்டது.

1972-இல், அப்போது மெல்போர்னில் பணியாற்றிய ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக், சில நரம்புகள் ஏ.டி.பி.யையே சேதியாக வெளியிடுகின்றன என்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பலர் நம்ப மறுத்தனர். இவ்வளவு அருமையான ஆற்றல் பொருளை எந்தச் செல்லாவது வெளியே வீசுமா என்பது அவர்கள் கேள்வி. நாணயம் என்ற உவமையைப் பிடித்துக் கொண்டவர் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான்!

விடையைக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். பட்டு நூல் நெசவாளர் வீட்டுக்குள் இருந்தால் அது சரக்கு. அதே நூல் தெருவில் அறுந்து கிடந்தால், அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். செல்லுக்குள் ஏ.டி.பி. மிகுதி, வெளியே அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே சிறிதளவு வெளிப்பட்டாலும் அண்டைச் செல்கள் அறிந்துகொள்கின்றன. சேதி சொல்லி முடிந்ததும் வெளியிலுள்ள நொதிகள் அதை விரைவில் சிதைத்துவிடுகின்றன. 1990-களில் இச்சேதியைப் பெறும் ஏற்பிகளின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தறியப்பட்டபின் வாதம் ஓய்ந்தது.

நாணய உவமை முற்றிலும் கைவிடும் இடம் ஏ.டி.பி.* அன்று, ஏ.டி.பி. ஒரு பாஸ்பேட்டை இழந்தபின் எஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட். பாடநூல் கணக்கில் அது செலவழிந்த காசு. குருதியிலோ அதற்குத் தனி அதிகாரம். இரத்தக் குழாய் கிழிந்ததும் அது கசிந்து, தட்டணுக்களை ஒன்றுகூட்டி உறையச் செய்கிறது. இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் பலர் விழுங்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை, தட்டணுக்களில் இச்சேதியைப் பெறும் வாயிலைத்தான் அடைக்கிறது. நெஞ்சுவலி போய்விட்டதே என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துபவருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பள்ளிப் பாடமே சொல்லியிருக்கலாம்.

காப்பி விஷயமும் இதுவே. முகூர்த்த மாதத்தில் இரவெல்லாம் குழித்தறியில் உட்காரும் நெசவாளர், ஒரு தம்ளர் காப்பி 'தெம்பு' தருகிறது என்பார். தெம்பு எதுவும் வருவதில்லை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் சேர்ந்து 'உறங்கு' என்கிறது. காஃபீன் அதன் இருக்கையில் தான் அமர்ந்துகொண்டு சேதியை மறைக்கிறது. களைப்பு அப்படியே இருக்கிறது. (காப்பிக்கு நான் எதிரியல்லன்.)

இச்சேதிகள் நன்மையே செய்யும் என்றும் எண்ண வேண்டாம். புற்றுக்கட்டிகள் தம்மைச் சுற்றி அடினோசினைப் பெருக்கி, எதிர்ப்புச் செல்களை அடக்கிவிடுகின்றன. அதைத் தடுக்கும் மருந்துகள் ஆய்வில் உள்ளன. நாள்பட்ட இருமலுக்கு, ஏ.டி.பி. ஏற்பி ஒன்றை அடைக்கும் கெஃபாபிக்சன்ட் என்ற மருந்தை ஜப்பான் 2022-இல் ஏற்றது. இருமல் தணிந்தது, ஆனால் அதை உட்கொண்டவர் பலருக்கு உணவின் சுவை மாறிப்போயிற்று. நாவிலுள்ள சுவை மொட்டுகளும் நரம்புக்கு ஏ.டி.பி. வழியாகவே சேதி அனுப்புகின்றன.